முதலாண்டு மாணவரின் முதல் அசைன்மென்ட்: கல்லூரி நூலகருக்கான முழுமையான வழிகாட்டி

கல்லூரி திறந்து ஆறேழு வாரம் ஆகியிருக்கும். இஷ்யூ கவுண்டருக்கு எதிரே ஒரு மாணவி வந்து நின்று, கையிலுள்ள துண்டுச்சீட்டைப் பார்த்துச் சொல்வார்: "மேடம், தண்ணீர்ப் பிரச்சினை பத்தி ஒரு புக் வேணும். நாளைக்கு அசைன்மென்ட் வைக்கணும்." அவருக்குப் பின்னால் அதே சீட்டோடு இன்னும் நான்கு பேர் நிற்பார்கள். முதல் வாரத்தில் இவர்களை வரிசையாக உள்ளே அழைத்து வந்து, ரெஃபரன்ஸ் பகுதி இது, நாளிதழ்ப் பகுதி இது, பையை வெளியே வைக்க வேண்டும் என்று நாம் சொன்னவற்றில் எதுவும் இப்போது இவர்களுக்கு நினைவிருக்காது. அன்று இவர்களிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை. இன்றுதான் ஒன்று வந்திருக்கிறது, அதுவும் நாளை காலை பத்து மணிக்குக் கெடு வைத்துக்கொண்டு.

நூலகர் முதலாண்டு மாணவரின் எழுத்துக்குத் துணை நிற்கக்கூடிய காலம் இந்த ஒரு வாரம்தான் என்பது, தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் இருந்த பின் நான் வந்து சேர்ந்த முடிவு. அந்த வாரத்துக்கு முன்கூட்டியே தயாராவது எப்படி, அந்த வாரத்தில் செய்ய வேண்டியவை என்ன, அது முடிந்தபின் எதைக் குறித்து வைக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு எழுத்துப் பயிற்சி தனிப் பாடமாகவே நடக்கிறது. ஹார்வர்டில் 1885-இல் தொடங்கிய பாடம் அதற்கு முன்னோடி. அந்தப் பாட ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்வது அங்குள்ள நூலகர்களின் வழக்கமான பணி. அந்நாட்டுக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016-இல் ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவுச் சட்டகம், ஆய்வு என்பது கேள்வியிலிருந்து கேள்விக்குப் போவது என்றும், புலமை என்பது பலர் கூடிப் பேசும் பேச்சு என்றும் ஆறு கருத்துகளை முன்வைக்கிறது. நம் பாடத்திட்டத்தில் அப்படியொரு தனிப் பாடம் இல்லை. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், முதன்மைப் பாடம் என்று எல்லாவற்றின் அகமதிப்பீட்டுக்குள்ளும் எழுத்து சிதறிக் கிடக்கிறது. அகமதிப்பீட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று பிரிக்கும் இடங்களில் அசைன்மென்ட்டுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால் அதுவே பெரிது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பாடநூலைப் படித்து, அதிலுள்ள விடையை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளை, இரண்டு மூன்று நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதும் முதல் சந்தர்ப்பம் அந்த ஐந்து மதிப்பெண் வேலைதான். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்தவராக இருந்தால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்பதற்கு வீட்டிலும் ஆள் இருக்காது.

படி 1: தலைப்புகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்

பருவம் தொடங்கிய இரண்டாம் வாரத்துக்குள் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பக்கப் படிவம் அனுப்புங்கள். அசைன்மென்ட் தலைப்புகள் எவை, எத்தனை மாணவர், எந்த நாளில் ஒப்படைக்க வேண்டும், தமிழிலா ஆங்கிலத்திலா, குறைந்தது எத்தனை நூல்களைப் பார்க்க வேண்டும் என்ற ஐந்து கேள்விகள் போதும். துறைத் தலைவர் வழியாகப் போனால் படிவம் மேசையிலேயே தூங்கும். வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம் தேநீர் இடைவேளையில் நேரில் கொடுத்தால் மறுநாளே திரும்பி வரும்.

படிவம் வந்ததும் தலைப்புகளை நூலகரின் கண்ணால் படித்துப் பாருங்கள். "பாரதியாரின் தேசப்பற்று", "கணினியின் பயன்கள்", "சுற்றுச்சூழல் மாசுபாடு" போன்றவை தலைப்பு என்பதைவிடத் தலைப்பு வைக்க வேண்டிய பரப்பு என்றே சொல்ல வேண்டும். இவற்றை எழுத நூலகத்துக்கு வர வேண்டிய தேவையே இல்லை. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அல்லது போன வருடத்து அண்ணன் எழுதியது அட்டைப் பக்கம் மாறி மறுபடி வரும். ஒரே பட்டியல் ஜெராக்ஸ் எடுத்து ஆண்டுதோறும் கொடுக்கப்படுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆசிரியரிடம் குறை சொல்லும் தொனியில் போகாமல், "இந்தத் தலைப்புக்கு நம்மகிட்ட எட்டு புத்தகம் இருக்கு சார், ஆனா அறுபது பேரும் ஒரே தலைப்புன்னா தாங்காது, 'பாரதியார்'னு இருக்கிறதை 'இந்தியா பத்திரிகையில பாரதியார்'னு மாத்தினா வேற வேற ஆண்டைப் பிரிச்சுக் கொடுக்கலாம்" என்று இருப்பின் பக்கமிருந்து பேசினால் பெரும்பாலோர் கேட்பார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தலைப்பு சரியாக அமைந்துவிட்டால் பின்னால் வரும் பாதி வேலை குறைந்துவிடும்.

படி 2: தனி அடுக்கு

தலைப்புக்குப் பத்துப் பதினைந்து நூல்களை எடுத்து, ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு தனி அடுக்கில் வையுங்கள். அந்த நூல்களை அங்கேயே படிக்கலாம், மாலையில் எடுத்துச் சென்று மறுநாள் காலை திருப்பலாம் என்று விதி வைத்தால், முதலில் வந்தவர் பதினைந்து நாளைக்கு எடுத்துப் போய்விட மற்றவர் வெறுங்கையோடு திரும்பும் கதை நடக்காது. அடுக்கில் இல்லாத ஒரு நூலையாவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசிரியரே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தனி அடுக்கே இன்னொரு பாடநூலாகிவிடும்.

படி 3: அறிமுக வகுப்பை இடம் மாற்றுங்கள்

நூலகத்துக்குப் புதிதாக வருபவரைப் பழக்குவதை, உசாத்துணைப் பணியின் (கேட்பவருக்குத் தேவையான தகவலைத் தேட உதவும் பணி) ஒரு தனிப் பகுதியாகவே வகுத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் அவர். வகுப்பறையிலிருந்து வந்ததால், மாணவர் எந்த இடத்தில் திணறுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் கல்லூரிகளில் அந்தப் பழக்கம், 120 பேரை இருபது நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்து, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்புக்கு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதாகச் சுருங்கிவிட்டது. புகைப்படம் தேவைதான், எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான வகுப்பை மட்டும் அசைன்மென்ட் கொடுத்த வாரத்துக்கு மாற்றி, இருபது பேருக்கு மேற்படாத குழுக்களாகப் பிரித்து, ஆசிரியரின் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கி நடத்துங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் வைக்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தம் தலைப்பை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்து விஷயங்களையும் தெரியாத இரண்டையும் எழுதட்டும். அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஓபாக்கில் (நூலகத்தின் கணினி நூற்பட்டியல்) தேடி, நூல் இருக்கும் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, ராக்கிலிருந்து நூலைக் கையில் எடுத்து வரட்டும். மீதி நேரத்தில் எடுத்துவந்த நூலின் பொருளடக்கத்தையும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கடைசியில் காட்டும் சொல்லடைவையும் பார்த்து, தமக்கு வேண்டிய நான்கைந்து பக்கங்களைக் கண்டுபிடிக்கட்டும். ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தால்தான் பயன்படுத்த முடியும் என்று நினைத்து மலைத்துப் போகும் பிள்ளைகள் பலர் உண்டு. சொல்லடைவு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குப் பெரிய விடுதலை.

அழைப்பெண்ணைக் கரும்பலகையில் விளக்குவதைவிட ராக்கின் முன்னால் நின்று விளக்குங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 494.811 தமிழ் மொழி, 894.811 தமிழ் இலக்கியம். தொல்காப்பிய ஆராய்ச்சி ஓரிடத்திலும் குறுந்தொகை இன்னோரிடத்திலும் இருப்பது ஏன் என்பது அந்த முதல் இலக்கத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றிய நூல்கள் இதைவிடச் சிதறிக் கிடக்கின்றன. நீரை இயற்கை வளமாகப் பேசும் நூல் 333.91-இல், குடிநீர் வழங்கலைப் பொதுச்சேவையாகப் பேசும் நூல் 363.61-இல், மழைப்பொழிவு 551.577-இல், குடிநீர்ப் பொறியியல் 628.1-இல் இருக்கும். ஒரே ராக்கைப் பார்த்துவிட்டு "புக் இல்ல மேடம்" என்று வருபவரை இந்த நான்கு இடங்களுக்கும் ஒருமுறை நடத்திக் கூட்டிப் போனால், எழுதப்போகும் பொருளை நான்கு பக்கமிருந்து பார்க்கலாம் என்பது அவர் காலுக்கே தெரிந்துவிடும்.

படி 4: சொல்லிலிருந்து கேள்விக்கு

கவுண்டருக்கு வந்த அந்த மாணவியிடம் திரும்புவோம். அவர் கேட்டவுடன் ஒரு நூலை எடுத்துக் கொடுப்பது எளிது. அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அந்த நூலின் மூன்றாம் இயலை அப்படியே பார்த்து எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியிராது, ஏனென்றால் அவரிடம் இருப்பது ஒரு சொல் மட்டுமே. எதிரே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். எனக்கும் அந்த மாணவிக்கும் நடந்த பேச்சு ஏறத்தாழ இப்படி இருந்தது.

"தண்ணீர்ப் பிரச்சினைன்னா எந்த ஊர்த் தண்ணிம்மா?"

"பொதுவா மேடம்."

"உங்க வீட்டுக்குத் தண்ணி எப்படி வருது?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குழாய்ல வரும். வெயில் காலத்துல லாரிதான்."

"மழைத்தண்ணியப் பிடிக்கத் தொட்டி கட்டியிருக்காங்களா?"

"இருக்கு மேடம். ஆனா அதுல அம்மா பூந்தொட்டி வெச்சிருக்காங்க."

அந்தப் பூந்தொட்டியில்தான் கட்டுரை இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்காகக் கட்டிய தொட்டி ஒன்று இன்று பூச்செடிக்கு மேடையாக நிற்கிறது. எப்படி இப்படி ஆயிற்று என்பது, எழுதுபவரே பதில் தெரிந்துகொள்ள விரும்பும் கேள்வி. "2003-க்குப் பின் கட்டிய மழைநீர்த் தொட்டிகள் எங்கள் தெருவில் ஏன் வேலை செய்யவில்லை?" என்று துண்டுச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தோம். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட செய்தியை அவரே நினைவுகூர்ந்தார். அப்போது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாராம். அடுத்து நாளிதழ்த் தொகுப்புக்குப் போவது என்று முடிவாயிற்று.

இந்தப் பேச்சுக்கு எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடத்தில் நூலகர் செய்ய வேண்டியது, எந்த ஊர், எந்தக் காலம், யாருக்கு, எதனால் என்று நான்கு வகையாகக் கேட்டு வாங்குவதுதான். பதிலை நாம் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அது நம் கட்டுரையாகிவிடும். தகவல் தேடலின் படிநிலைகளை ஆராய்ந்த அமெரிக்க நூலக அறிவியல் பேராசிரியர் கேரல் குல்தாவ், தலைப்பைத் தேர்ந்த பின், தேடத் தொடங்கும் கட்டத்தில்தான் குழப்பமும் தயக்கமும் கூடுகின்றன என்று காட்டினார். ஆகவே முதல் நாள் உற்சாகமாகப் போன மாணவர் மூன்றாம் நாள், "இந்தத் தலைப்பு வேணாம் மேடம், வேற சொல்லுங்க" என்று வந்து நின்றால் அவரைச் சோம்பேறி என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் குழப்பம் வேலை சரியான வழியில் போவதற்கு அறிகுறி என்று அவரிடமே சொல்லுங்கள். முகம் தெளிவதைப் பார்க்கலாம்.

படி 5: எதற்கு எங்கே போவது

பொருளின் எல்லை தெரியாதபோது கலைக்களஞ்சியத்தில் தொடங்கச் சொல்லுங்கள். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் பல பழைய கல்லூரிகளில் தூசி படிந்தபடி இருக்கிறது. அறிவியல் கட்டுரைகள் காலத்தால் பின்தங்கியிருந்தாலும், தமிழில் ஒரு பொருளை எப்படி அறிமுகம் செய்வது என்பதைப் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது, இணையத்திலும் தேடலாம். பழைய நூல்களின் மூலபாடத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் போதும்.

ஆய்விதழ்களுக்கு, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இத்திட்டத்தில் கல்லூரி உறுப்பினராக இருந்தும், மாணவருக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கிக் கொடுக்காமல் விட்டிருக்கும் நூலகங்கள் உண்டு, முதலாண்டிலேயே கொடுத்துவிடுங்கள். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியாக 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. ஆனால் முதலாண்டு மாணவரை நேராக ஆங்கில ஆய்வுக் கட்டுரைக்குள் தள்ளிவிடுவது நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் இறக்குவது போல. சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அதைவிட உதவுவது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளம். தமிழில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே நிறைய இருக்கின்றன; ஆய்வேட்டின் தரம் எப்படியிருந்தாலும் அதன் கடைசியிலுள்ள துணைநூற்பட்டியல் ஒரு புதையல். அதை அச்சிட்டு வந்து, "இதில் எதெல்லாம் நம் நூலகத்தில் இருக்கிறது?" என்று தேடுவது நல்ல பயிற்சி.

தேடுசொற்களில் நம் மாணவருக்குத் தனியான சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் பதிவு செய்யப்பட்ட நூற்பட்டியலில் பாரதியார் மூன்று நான்கு வகை எழுத்துக்கூட்டலில் இருப்பார். ஒன்றைத் தட்டச்சு செய்து கிடைக்காவிட்டால் நூலே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். நீர்நிலைக்கு வடக்கே ஏரி, தெற்கே கண்மாய், இன்னும் குளம், ஏந்தல், ஊருணி என்று பல பெயர். செய்தித்தாளில் ஒரு சொல்லும் அரசு அறிக்கையில் இன்னொரு சொல்லும் இருக்கும். தேடத் தொடங்கும் முன், ஒரு தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் தமிழ்ச் சொற்களையும் வலப்பக்கம் ஆங்கிலச் சொற்களையும் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பாட்டியிடம் கேட்டுவந்த சொல்லையும் அதில் சேர்க்கலாம்.

படி 6: நம்பலாமா என்று பார்ப்பது

யார் எழுதியது, எப்போது எழுதியது, அவருக்கு இது எப்படித் தெரியும் என்ற மூன்று கேள்விகள் முதலாண்டுக்குப் போதும். இணையப் பக்கம் ஒன்றை நம்பலாமா என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அதைவிட்டு வெளியே வந்து, அதைப்பற்றி மற்றவர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது விரைவான வழி. அமெரிக்கக் கல்வியாளர் மைக் கால்ஃபீல்ட் 2019-இல் வகுத்த நான்கு அசைவுகளின் சாரம் இதுதான்: நில், யார் என்று பார், வேறு நல்ல இடத்தில் தேடு, மூலத்துக்குப் போ. விக்கிப்பீடியாவைத் தொடக் கூடாது என்று அதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் படிக்கலாம், படித்துவிட்டு அதன் அடிக்குறிப்பிலுள்ள நூலைத் தேடி வர வேண்டும், அவ்வளவே.

புதிய தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவர், ஏஐ செயலி தந்த ஐந்து நூல்களின் பட்டியலை அழகாக அச்சிட்டுக் கொண்டுவந்தார். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் இருந்தன. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒன்று மட்டும் உண்மையான நூல். மற்றொன்றில் ஆசிரியர் உண்மை, நூல் இல்லை. மீதி மூன்றும் எங்கும் இல்லை. அவர் ஏமாற்றவில்லை, ஏமாந்திருந்தார். நான் அந்தத் தாளை, பெயரை மறைத்து, இப்போது வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஐந்து பேர் கொண்ட குழுவிடம் கொடுத்து "இதிலே உண்மையான புக் எதுன்னு கண்டுபிடிங்க" என்றால், ஓபாக், தேசிய மின்னூலகம், பதிப்பகத்தின் பட்டியல் என்று அவர்களே அலைந்து பார்க்கிறார்கள். நான் பத்து முறை விளக்கியும் வராத பழக்கம் அந்த ஒரு தாளால் வந்திருக்கிறது.

படி 7: குறிப்பெடுத்தல், கருத்துத் திருட்டு

பார்த்து எழுதுவது திருட்டு என்று மிரட்டித் தொடங்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்து எழுதியதற்காகப் பாராட்டப்பட்டவர்கள் இவர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைக் காட்டி அச்சுறுத்துபவர்களும் உண்டு. பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, அதற்குமேல் 40, 60 என்று அடுக்கடுக்காகத் தண்டனை என்று வகுக்கும் அந்த விதிகள், அசைன்மென்ட்டுகளையும் விடைத்தாள்களையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. முதலாண்டில் வேண்டியது பழக்கம், தண்டனை அல்ல.

பழக்கத்தை ஒரு வாக்கியத்தை வைத்துக் காட்டுங்கள். நான் வகுப்புக்காக எழுதி வைத்திருக்கும் வாக்கியம் இது: "மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் பல வீடுகளில் கட்டப்பட்டிருந்தாலும், அவற்றின் வடிகட்டிகள் ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தூய்மை செய்யப்படாததால் நீர் நிலத்துக்குள் இறங்குவதில்லை." இதைச் சொந்த நடையில் எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படி வரும்: "மழைநீர் சேமிப்பு அமைப்புகள் பல இல்லங்களில் நிறுவப்பட்டிருப்பினும், அவற்றின் வடிகட்டிகள் வருடத்திற்கு ஒருமுறைகூடச் சுத்தம் செய்யப்படாமையால் நீர் பூமிக்குள் செல்வதில்லை." வீட்டை இல்லமாக்கி, ஆண்டை வருடமாக்கியிருக்கிறார், வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இப்போது நூலை மூடிவைத்துவிட்டு, படித்ததைப் பக்கத்திலிருப்பவரிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை எழுதினால் வருவது: "தொட்டி கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை, பராமரிக்காததுதான் சிக்கல் என்கிறார் நூலாசிரியர் (ப. 42). எங்கள் தெருவில் நான் பார்த்த ஆறு தொட்டிகளில் நான்கின் வாய் மண்ணால் அடைந்திருந்தது." நூல் சொன்னது எதுவரை, தான் கண்டது எங்கிருந்து என்ற கோடு அந்த "என்கிறார்" என்ற சொல்லில் இருக்கிறது.

பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகச் சொல்லும் இந்த ஒழுங்கு மேல்நாட்டிலிருந்து வந்ததென்று நினைக்கும் தமிழ்த் துறை மாணவருக்குத் தொல்காப்பியத்தைத் திறந்து காட்டலாம். "என்ப", "என்மனார் புலவர்" என்று தமக்கு முன்னிருந்தோரைச் சுட்டாமல் அந்நூல் நகர்வதே இல்லை.

குறிப்பெடுக்கும் தாளில் மேல் மூலையில் நூல், ஆசிரியர், பக்க எண் எழுதாமல் உள்ளே ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பதை மட்டும் விதியாக வையுங்கள். கடைசி நாளில் பக்க எண் தேடி ஓடிவருபவர்களின் கூட்டம் பாதியாகக் குறையும்.

படி 8: துணைநூற்பட்டியல்

துணைநூற்பட்டியல் எழுதும் முறைகளில் ஒன்றான எம்.எல்.ஏ. முறை என்றதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். எழட்டும், சட்டமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஆங்கிலத் துறைக்கு அதன் ஒன்பதாம் பதிப்பு, உளவியலுக்கும் சமூகப் பணிக்கும் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு, தமிழ்த் துறைக்குத் துறையின் வழக்கம் என்று எந்த ஆசிரியர் எதைக் கேட்கிறார் என்பதைப் படிவத்திலேயே வாங்கி வைத்துவிட்டால் குழப்பமில்லை.

உண்மையான குழப்பம் தமிழ்ப் பெயர்களில் வருகிறது. குடும்பப் பெயரை முதலில் போடு என்று அந்த முறைகள் சொல்கின்றன. நமக்கோ குடும்பப் பெயரே இல்லை. உ.வே. சாமிநாதையர் என்பதில் உ என்பது உத்தமதானபுரம் என்ற ஊர், வே என்பது தந்தை வேங்கடசுப்பையர். இயற்பெயர் சாமிநாதையர். ஆகவே பட்டியலில் "சாமிநாதையர், உ.வே." என்று சகரத்தின் கீழ் வர வேண்டும், உகரத்தின் கீழ் அல்ல. இணையத்திலுள்ள தானியங்கி மேற்கோள் கருவிகள் இதைத் தலைகீழாக்கிவிடும். ஐந்து தமிழ்ப் பெயர்களை எழுதி, எது ஊர், எது தந்தை, எது இயற்பெயர் என்று பிரிக்கச் சொல்லும் பத்து நிமிடப் பயிற்சி மாணவருக்கு மிகவும் பிடித்த ஒன்று. தம் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள்.

படி 9: எங்கே நிறுத்திக்கொள்வது

வரைவைக் கொண்டுவந்து "திருத்திக் கொடுங்க" என்று கேட்பார்கள். சந்திப்பிழையைத் திருத்துவது, வாதம் சரியா என்று தீர்ப்பது, மதிப்பெண் வருமா என்று சொல்வது ஆகியவை ஆசிரியரின் வேலை. இந்தக் கூற்றுக்கு ஆதாரம் எங்கே, இந்தப் புள்ளிவிவரம் எந்த ஆண்டினது, இந்த மேற்கோள் பட்டியலில் இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் நாம் கேட்கலாம். ஆசிரியர் தலைப்பை மாற்றச் சொன்னதாக மாணவர் சொன்னால், ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பவர், குறிப்புகளைத் தமிழிலேயே எடுக்கலாம் என்று யாராவது அனுமதி கொடுக்கக் காத்திருப்பார். அந்த அனுமதியை நீங்கள் கொடுக்கலாம்.

படி 10: கேள்விப் பதிவேடு

கேட் ரிஜிஸ்டர் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும். எதற்கு வந்தார்கள் என்று சொல்லாது. கவுண்டரில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்து, தேதி, துறை, மாணவர் கேட்ட சொல், போகும்போது எடுத்துச் சென்ற கேள்வி, கிடைக்காத நூல் என்று ஐந்து பத்திகளில் எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம். அசைன்மென்ட்டுகள் திருத்தப்பட்டபின் ஆசிரியரிடம் பத்துத் தாள்களை வாங்கி, கடைசிப் பக்கத்துத் துணைநூற்பட்டியலை மட்டும் பாருங்கள். தனி அடுக்குக்கு வெளியேயிருந்து வந்த நூல் எத்தனை, ஒரே இணையதளத்தோடு நிறுத்திக்கொண்டவர் எத்தனை பேர், பக்க எண் இருக்கிறதா என்பது பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தாள்களைக் கட்டிய கயிற்றின் நிறத்தையும் ஸ்கெட்ச் பேனாவால் போட்ட பார்டரையும் வைத்து மதிப்பெண் விழுந்திருந்தால் அதுவும் தெரியும். அதை மட்டும் பதிவேட்டில் எழுத வேண்டாம்.

டிசம்பரில், இரட்டைப்படைப் பருவம் தொடங்கும் முன், அந்த நோட்டோடு மறுபடி துறைகளுக்குப் போங்கள். "கிடைக்காத நூல்" என்ற பத்தி அந்த ஆண்டுக்கான கொள்முதல் பட்டியலாகிறது. "கேட்ட சொல்" என்ற பத்தியில் ஒரே சொல் முப்பது முறை வந்திருந்தால், அதைக் காட்டி அந்தத் தலைப்பை மாற்றித் தரும்படி கேட்கலாம். அடுத்த தவணைக்கான ஒரு பக்கப் படிவத்தையும் அப்போதே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.